ஒரு சர்வரில் புது விலை, இன்னொன்றில் பழைய விலை

கேள்வி: எங்கள் ஜாவா ஆப் லோடு பேலன்ஸருக்குப் பின்னால் நான்கு டாம்கேட் சர்வர்களில் ஓடுகிறது. பொருள் விவரங்களை ஸ்டாட்டிக் ஹேஷ்மேப்பில் கேஷாக, அதாவது வேகமாக எடுக்க நினைவகத்தில், வைத்திருக்கிறோம். விலையை மாற்றினால் ஒரு சர்வர் புதியதைக் காட்டுகிறது, மற்றவை பழையதையே காட்டுகின்றன. சில சமயம் ஒருவருக்குக் கொடுத்த தள்ளுபடி அடுத்தவருக்கும் போய்விடுகிறது. ரெடிஸுக்கு (எல்லா சர்வர்களும் பகிரும் தனி நினைவகச் சேமிப்பு) மாறினால் சரியாகுமா?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். தள்ளுபடியை முதலில் பாருங்கள், அதில் பணம் போகிறது. ஹேஷ்மேப் உங்களுக்கு நகலைத் தருவதில்லை, அதே ஆப்ஜெக்டைத்தான் தருகிறது. கோடில் எங்கோ அதன் விலையையே மாற்றி எழுதுகிறீர்கள். அடுத்த த்ரெட் (இன்னொருவரின் கோரிக்கையைக் கையாளும் இழை) அந்த மாறிய விலையைப் படிக்கிறது. கேஷில் வைக்கும் கிளாஸை மாற்ற முடியாததாக்குங்கள். ஜாவா 16 முதல் ரெக்கார்டு (உருவான பின் புலங்களை மாற்ற முடியாத கிளாஸ் வகை) இதற்கு வசதி. ஆனால் அதற்குள் லிஸ்ட் இருந்தால் ரெக்கார்டு மட்டும் காப்பாற்றாது, கன்ஸ்ட்ரக்டரிலேயே 'லிஸ்ட்.காப்பிஆஃப்' போட்டு மாற்ற முடியாத நகலை வையுங்கள். தள்ளுபடி விலை தனி ஆப்ஜெக்டில் இருக்கட்டும்.

ஹேஷ்மேப்பையும் விட்டுவிடுங்கள். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எழுதினால் அது தாங்காது. கன்கரண்ட் ஹேஷ்மேப் தாங்கும், ஆனால் பழையதைத் தானாக வெளியேற்றாது. ஹீப் (ஜாவா ஆப்ஜெக்டுகள் இருக்கும் நினைவகம்) நிரம்பிக்கொண்டே போகும். கஃபைன் என்ற கேஷ் லைப்ரரியில் அதிகபட்சம் 10,000 பொருள், எழுதியதிலிருந்து 60 வினாடி ஆயுள் என்று தொடங்குங்கள். ஹிட் விகிதத்தை (தேடியது கேஷிலேயே கிடைக்கும் விகிதம்) பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

பழைய விலைக்குக் காரணம், ஸ்டாட்டிக் மேப் ஒவ்வொரு ஜேவிஎம்முக்கும் (ஒவ்வொரு சர்வரிலும் ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) தனித்தனி. விலை மாறியதும் பொருள் எண்ணை ரெடிஸ் பப்-சப் (கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் செய்தி அனுப்பும் வசதி) வழியாக எல்லா சர்வருக்கும் அனுப்பி, அந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் கமிட் (மாற்றம் உறுதியாகப் பதிவாவது) முடிந்த பிறகே அனுப்ப வேண்டும். முன்பே அனுப்பினால், இடைவெளியில் வரும் கோரிக்கை பழைய விலையைப் படித்து மறுபடியும் கேஷில் போட்டுவிடும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் 'டிரான்சாக்ஷனல் ஈவென்ட் லிசனர்' இயல்பாகவே கமிட்டுக்குப் பிறகுதான் ஓடும். இணைப்பு அறுந்திருந்த சர்வருக்கு பப்-சப் செய்தி பிறகு வராது. அதனால் அந்த 60 வினாடி ஆயுளை எடுத்துவிடாதீர்கள்.

விவரங்களையே ரெடிஸில் வைத்தால் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் உருவாகும், தள்ளுபடி கசிவும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் நெட்வொர்க் பயணமும் டீசீரியலைஸ் (வந்த தரவை மறுபடி ஆப்ஜெக்டாக்குவது) செலவும் சேரும். கமிட்டுக்கு முன்பே கேஷ் பதிவை நீக்கும் பிழை இருந்தால் அங்கும் அதே பழைய விலைதான். அதிகம் படித்து அரிதாக மாறும் பொருள் பட்டியலுக்கு உள்ளூர் கேஷே பொருத்தம்.

எந்த வழியானாலும், ஆர்டர் உறுதியாகும் கட்டத்தில் விலையை டேட்டாபேஸிலிருந்து நேராக எடுங்கள்.