செப்டெம்பரோட தோட்டத்தைக் கைவிடாதேங்கோ

தம்பி, ரொறன்ரோ ஸ்காபரோவில சமூகத் தோட்டத்தில ஒரு துண்டு நிலம் கிடைச்சிருக்கு, செப்டெம்பரோட எல்லாம் முடிஞ்சுதோ, கறிவேப்பிலையை நிலத்திலயே விடலாமோ, என்ன உரம் நல்லது எண்டு கேட்டிருக்கிறீங்கள். உரத்தை வசந்தத்தில பாப்பம். மற்ற ரெண்டும்தான் அவசரம்.

கறிவேப்பிலை நிலத்தில நிண்டால் உறைபனியில செத்துப்போகும். இரவில 10 பாகைக்குக் கீழ இறங்கமுதல், வேரோட ஒட்டின மண் உடையாமல் கிண்டி, அடியில துளையுள்ள சாடிக்கு மாத்துங்கோ. உள்ளுக்குக் கொண்டுபோகமுதல் தண்டைப் பாருங்கோ. சின்ன மண்ணிறப் புடைப்பு ஒட்டியிருந்தால் அது செதில்பூச்சி. நகத்தால சுரண்டி ஈரத்துணியால துடைக்கவேணும், விட்டால் மற்றச் சாடிகளுக்கும் ஏறும். தெற்குப் பக்க யன்னலடியில வையுங்கோ. மார்கழியில இலை கொட்டும். எங்கட ஆக்கள் அதைக் கண்டு பயந்து இன்னும் தண்ணி ஊத்துவினம், வேர் அழுகிறது அதாலதான். மேல்மண் ஒரு அங்குலம் காய்ஞ்ச பிறகு மட்டும் ஊத்துங்கோ.

தக்காளியின்ர நுனியையும் புதுப் பூவையும் இப்பவே கிள்ளுங்கோ. இப்ப பூத்தது பழுக்க ஆறு கிழமைக்கு மேல வேணும், அவ்வளவு காலம் கையில இல்லை. பருத்த பச்சைக் காய்களை வீட்டுக்குள்ள பேப்பரில பரப்பினால் பழுக்கும். முகிலும் காத்தும் இல்லாத இரவிலதான் உறைபனி விழும். ஏரிக்கரையில பிந்தும், ரூஜ் ஆத்துப் பள்ளத்தாக்குப் பக்கம் முந்தும். பொழுதுபடமுதல் பழைய படுக்கை விரிப்பால மூடுங்கோ. பிளாஸ்ரிக் இலையில பட்டால் அந்த இடம் கருகும்.

காலியான பாத்தியில ஸ்பினாச், வெந்தயம், கொத்தமல்லி உடனே விதைக்கலாம்.

ஆனால் இந்த மண்ணில இலையுதிர்காலப் பயிரெண்டால் உள்ளி, அதாவது வெள்ளைப்பூடுதான். ஊண்டமுதல் ஒண்டு கேளுங்கோ: அடுத்த வருசமும் இதே துண்டு உங்களுக்கோ, இடையில உழுவினமோ? சில தோட்டங்களில எல்லாத்தையும் சேர்த்து உழுதுவிடுவினம், உள்ளியும் போய்விடும். பிரச்சினை இல்லையெண்டால் ஒக்டோபர் நடுப்பகுதியில ஊண்டுங்கோ. ஒன்ராறியோவில விளைஞ்ச விதையுள்ளி வாங்குங்கோ, 'மியூசிக்' நல்ல இனம். சமையலுக்கு வித்த உள்ளியை ஊண்டவே வேண்டாம். வெள்ளை அழுகல் பூஞ்சை அதோட வந்தால் 20 வருசத்துக்கும் மேல மண்ணில கிடக்கும், உங்களுக்குப் பிறகு வாறவரும் அனுபவிப்பார். பெரிய பற்களை ஊண்டிற அண்டைக்கே பிரிச்சு, தோல் உரிக்காமல், கூர்ப்பக்கம் மேல பாக்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில, 15 சென்ரிமீற்றர் இடைவெளியில வையுங்கோ. நிலம் குளிரில உறைஞ்சு இறுகத் தொடங்க வைக்கோலை ஒரு சாண் அளவுக்குப் போடுங்கோ. ஹே எண்டு விக்கிற புல் வேண்டாம், அதில களைவிதை இருக்கும். ஜூனில பூந்தண்டை முறிச்சுச் சுண்டலாம், ஜூலையில கீழ் இலைகள் காய கிண்டலாம்.

நாங்கள் வந்த காலத்தில இதைச் சொல்லித்தர ஆளில்லை, பக்கத்துப் பாத்தி இத்தாலிக்காரரைப் பாத்துத்தான் பழகினது. இண்டைக்கு எங்கட உள்ளியைப் பாத்து மற்றவை கேக்கினம். அதேநேரம், முதல் குளிரோட பாவற்பந்தலையும் அழுகின தக்காளியையும் அப்பிடியே விட்டிட்டுப் போற எங்கட ஆக்களும் இருக்கினம். எனக்குக் கோபம் வாற இடம் இதுதான். கருகல் நோய் பிடிச்ச செடியைக் கொம்போஸ்டில போடாமல் பையில கட்டி அப்புறப்படுத்துங்கோ. பந்தல் கயிறுகளையும் அவிழ்த்துவிடுங்கோ. குழாயில தண்ணி எப்ப நிப்பாட்டுவினம் எண்டும் கேட்டுவையுங்கோ, உள்ளி ஊண்டின அண்டைக்கு ஒரு தண்ணி கட்டாயம் வேணும்.