ஸ்கேன் நார்மல், ஆனால் மாதாமாதம் உயிர் போகிற வலி. கல்யாணம் ஆனால் சரியாகுமா?

கேட்டிருப்பவருக்கு வயது 24, ஊர் காரைக்குடி. மாதவிடாய் வந்தால் வேலைக்குப் போக முடிவதில்லை. ஸ்கேன் நார்மல். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்று டாக்டர் டயனோஜெஸ்ட் மாத்திரை எழுதியிருக்கிறார். வீட்டிலோ "ஹார்மோன் மாத்திரை எல்லாம் வேண்டாம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

கல்யாணத்தால் சரியாகாது. எனக்கும் இதையேதான் சொன்னார்கள். இப்போது கல்யாணமாகி, பிள்ளையும் பெற்று, இன்னும் அதே மாத்திரையில்தான் இருக்கிறேன். கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் பலருக்கு வலி அடங்கும். எனக்கும் அடங்கியது. பிள்ளை பால்குடி மறந்ததும் திரும்பி வந்துவிட்டது.

கர்ப்பப்பையின் உள்ளே இருக்க வேண்டிய படலம் போன்ற திசு, சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடலை ஒட்டிய சவ்விலும் வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கும், கசியும். வெளியேற வழி கிடையாது. அந்த இடம் புண்ணாகித் தழும்பாகி, சிலருக்கு உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி' இருந்தால் ஸ்கேனில் தெரியும். சவ்வில் புள்ளி புள்ளியாகப் படிந்திருப்பது பெரும்பாலும் தெரியாது. புள்ளியாக இருப்பதே சுருண்டு படுக்கும் அளவுக்கு வலிக்கலாம்; பெரிய கட்டி இருந்தும் வலியே இல்லாதவர்களும் உண்டு. முன்பு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விடும் ஆபரேஷன்) செய்து கண்ணால் பார்த்த பிறகுதான் நோயை உறுதி செய்வார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம். உங்கள் டாக்டர் செய்திருப்பது அதுதான்.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணம், கோயில் கும்பிடு என்றால் நாள் தள்ளிப்போக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, யாரிடமும் கேட்காமல் போட்டுக்கொள்வோம். அந்த நோரெத்திஸ்டிரோனும் ஹார்மோன்தான், உங்கள் டயனோஜெஸ்ட்டுக்கு உறவுக்கார மருந்துதான். விசேஷத்துக்குப் போட்டால் பயமில்லை, வலிக்கு டாக்டர் எழுதினால் மட்டும் பயம்! டயனோஜெஸ்ட் தினமும் 2 மில்லிகிராம், இடைவெளி விடாமல் சாப்பிடுவது. முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு ரத்தம் படும், தலைவலி வரலாம். மனசு ரொம்ப சோர்ந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதைக் கருத்தடை என்று நம்பிவிடாதீர்கள். பிள்ளைக்கு முயற்சி செய்யும்போது டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் 'தூரம்' என்றால் பின்கட்டில் பாய் போட்டுப் படுத்துவிட வேண்டும். மற்ற பெண்கள் ஓய்வாக இருக்கிறார்கள், நான் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறேன். முகப்பில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பத்தா உளுந்தங்களி கிண்டித் தருவார். உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடுங்கள். அதனால் இந்தத் திசு சுருங்காது.

டாக்டரிடம் "ரொம்ப வலிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா, மாதவிடாய் இல்லாத நாளிலும் இடுப்பு வலிக்கிறதா, எத்தனை நாள் லீவு போட்டீர்கள் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். என் விஷயத்தில் மலம் கழிக்கும்போது வரும் வலியைச் சொன்ன பிறகுதான் பேச்சே மாறியது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

மெஃபினமிக் அமிலம் போன்ற வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போனபின் போட்டால் பலன் குறைவு. தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. வெந்நீர்ப் பை எனக்கு நன்றாகவே உதவுகிறது.

ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம். எனக்குக் கட்டி பெரிதாகிவிட்டதால் மதுரையில் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் சினைப்பையில் கை வைத்தால் முட்டை இருப்பு குறையலாம், நோயும் திரும்பலாம். பேச்சு அதுவரை போனால், முட்டை இருப்பைக் கணிக்கும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

அப்புறம், மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்ற கேள்வி உங்கள் வீட்டில் கட்டாயம் வரும். இந்த நோய் இருந்தும் இயல்பாகக் கருத்தரிப்பவர்கள் நிறைய, சிலருக்குத் தாமதமாகும், சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். நான் பேச்சு முடிவாகும் முன்பே அவரிடம் நேரே சொன்னேன். பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தால் அது 'குறை' என்று போய்ச் சேர்ந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: மாத்திரையை வெளியூர் போகும்போதும் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா என்று.