பெரியம்மாவின் பரிசோதனைக்கே முதற்பணம்

கேள்வி: திருகோணமலையில் அரச பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன், வயது 34. அம்மா 41 வயதில் மார்பகப் புற்றுநோயால் காலமானார். மூதூரிலுள்ள பெரியம்மா (அம்மாவின் அக்கா) அதே நோய்க்குச் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார். தங்கச்சியின் சீதன வீட்டுக்கென்று சேர்த்த 6 இலட்சம் ரூபா நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது. அதை எடுத்து எங்கள் இருவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்வதா, பாரதூர நோய்க் காப்புறுதி எடுப்பதா?

பதில்: சகோதரி, உங்கள் இருவருக்கும் இப்போதே பரிசோதனை செய்ய வேண்டாம். பெரியம்மா மனமொப்பிச் சம்மதித்தால், அவருக்கு மட்டும் முதலில் செய்யுங்கள். நோய் வந்தவரிடம், மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (BRCA1, BRCA2) போன்ற மரபணுக்களில் தெளிவான கேடான மாற்றம் அகப்பட்டால், அந்த ஓரிடத்தை மட்டும் உங்களிடம் பார்ப்பதற்கு முழுப் பரிசோதனையிலும் மிகக் குறைந்த செலவே ஆகும். அங்கு 'இல்லை' என்று வரும் முடிவையும் நம்பலாம். அவரைச் சோதிக்காமல் உங்களைச் சோதித்து 'இல்லை' என்று வந்தால், குடும்பத்தில் ஓடும் மாற்றம் உங்களிடம் இல்லையா, அல்லது அந்தப் பரிசோதனை அதைத் தேடவே இல்லையா என்பது தெரியாமலே பணம் போய்விடும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1994இலும் 1995இலும் இந்த இரு மரபணுக்களும் இனங்காணப்பட்ட பின்னர் சேர்ந்த தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆகவே தெற்காசியப் பெண்களின் அறிக்கைகளில், கேடானதா தீங்கற்றதா என்று சொல்ல முடியாத மாற்றங்கள் கூடுதலாக வருகின்றன. அப்படி வந்தால் அதை வைத்துச் சத்திரசிகிச்சைக்கோ இன்னொரு ஆய்வுகூடத்துக்கோ பணம் கட்டாதீர்கள். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, சில வருடங்களுக்கு ஒருமுறை வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று அதே ஆய்வுகூடத்திடம் கேளுங்கள். இணையத்தில் விற்கும் உமிழ்நீர்ச் சோதனைகளையும் நம்பவேண்டாம்: 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த அப்படியொரு சோதனை, அஷ்கெனாசி யூதரிடையே (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்) அதிகம் காணப்படும் 3 மாற்றங்களை மட்டுமே பார்த்தது.

காப்புறுதியைப் பொறுத்தவரை, முன்மொழிவுப் படிவத்தில் அம்மாவினதும் பெரியம்மாவினதும் நோயைக் கேட்டிருந்தால் உள்ளபடியே எழுதவேண்டும். மறைத்தால், பிற்பாடு உரிமைகோரும்போது நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். உண்மையை எழுதியதும் கட்டணத்தைக் கூட்டலாம், மார்பகப் புற்றுநோயையே விலக்கலாம். நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். அந்த நோய் விலக்கப்பட்டிருந்தால் நீங்கள் அஞ்சுவதற்கே அங்கு காப்பில்லை, எடுக்காமல் விடுங்கள். அரச ஊழியராகிய உங்களுக்குரிய அக்ரஹார மருத்துவக் காப்புறுதியில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அதற்கு முன்னரே விசாரித்து வையுங்கள்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். ஆனால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் பயணம், கூடவருபவரின் தங்குமிடம், அவர் இழக்கும் நாட்கூலி, வெளியில் வாங்கச் சொல்லும் சில மருந்துகள் என்பவைதான் குடும்பத்தை முடக்குகின்றன. எனவே பெரியம்மாவின் பரிசோதனைச் செலவை எழுத்தில் கேட்டறிந்து அதை எடுத்துவைத்த பின்னர், 1 இலட்சத்தைத் தொடாத சேமிப்பாக வைத்து, மீதியைத் தங்கச்சியின் வீட்டுக்கே விடுங்கள். அறிக்கை வரும்வரை அந்த மீதியையும் நீண்டகால வைப்பில் பூட்டாமல் 3 மாத வைப்பாகப் புதுப்பிப்பது நல்லது. பரிசோதனைக்கு முந்திய மரபணு ஆலோசனைக்குப் பெரியம்மாவின் புற்றுநோய் வைத்தியரிடமோ கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகிடமோ கேட்கலாம். முடிவு எதுவானாலும், அம்மாவின் வரலாற்றைச் சொல்லி நீங்களும் தங்கச்சியும் இப்போதே மார்பகப் பரிசோதனையைத் தொடங்குங்கள். பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரச சுகவனிதையர் கிளினிக்கில் அதற்குக் கட்டணமில்லை.

செலவை நீங்கள் தனியே சுமக்க வேண்டியதில்லை. பெரியம்மாவிடம் மாற்றம் இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆண்பிள்ளைகளுக்கும்கூட, அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு; அந்த அறிக்கை அவர்களுக்கும் உரியது என்பதால், பங்கு தரும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.