இதயமும் நாயும் தமிழில் ஒன்றுதான்: பள்ளியில் அரபி, கேள்வி பதில்

தஞ்சைப் பக்கம் ஒரு பள்ளியில் 12 வருஷமாக அரபி எடுக்கிறேன். பிற்பாடு டேப்லெட்டும் கைபேசியும் வகுப்புக்குள் வந்தன. அதைப் பற்றி வந்த கேள்விகள் சில.

உஸ்தாத், ஆப்பில் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். வாயைத் திறந்தால் எல்லாம் தப்பு. ஏன்? (ஆசிரியை, கூத்தாநல்லூர்)

ஆப் பெரும்பாலும் கண்ணைத்தான் சோதிக்கிறது டீச்சர். பிள்ளைகளோ கேட்டதைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அங்கேதான் வினை. 'கல்ப்' என்றால் இதயம், 'கல்ப்' என்றால் நாயும்தான்! முதலாவதின் 'க' உள்நாக்குப் பக்கம் பிறப்பது, இரண்டாவது நம்முடைய 'க'. தமிழ் எழுத்துக்கு இரண்டும் ஒன்று. 'ஸைஃப்' கூட அப்படித்தான்: ஒன்று வாள், இன்னொன்று கோடைக்காலம்.

முதல் வாரம் நான் எழுதவே விடுவதில்லை. பத்துச் சொற்களை என் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வகுப்பில் அதையே ஓட்டி, இதயம் என்றால் வலது கை, நாய் என்றால் இடது கை தூக்கச் சொல்வேன். அடுத்த வாரம் அவர்கள் பதிந்து அனுப்ப வேண்டும். ஆளுக்குப் பத்து விநாடி, 40 பேரையும் ஏழு நிமிஷத்தில் கேட்டுவிடலாம்.

மகன் எட்டாவது. வீட்டில் யாருக்கும் ஒரு அரபிச் சொல்கூடத் தெரியாது. அவனுக்கு எதுவும் நிற்கவில்லை. (தாய், கும்பகோணம்)

தெரியாதா? பத்திரப் பெட்டியைத் திறந்து பாருங்கம்மா. அசல், நகல், வாரிசு, பாக்கி, வசூல் எல்லாம் அரபியில் பிறந்தவை. குறுவை மகசூலும் தாசில்தாரின் தாசிலும் ஹா, ஸாத், லாம் என்ற ஒரே மூவெழுத்து வேரிலிருந்து வந்தவை. வயலில் கிடைத்தது மகசூல், வரியைத் திரட்டுவது தாசில். கைபேசியில் சொல் அட்டை தயாரிக்கும்போது அட்டைக்கு ஒரு வேர் என்று வையுங்கள். ஆப்பிள், பூனை என்று படம் காட்டும் அட்டைகளைவிட இது நிற்கும்.

கூகுள் படிவத்தில் சரியான விடையையும் தப்பு என்கிறதே? (ஆசிரியர், நாகூர்)

நீங்கள் விடையில் ஹரக்கத், அதாவது உயிரொலிக் குறிகள், போட்டிருப்பீர்கள், பிள்ளை போடாமல் தட்டியிருக்கும். அலிஃப் எழுத்தின் மேல் வரும் ஹம்ஸா என்ற சின்னக் குறி விட்டுப்போனாலும் இதே கதைதான். தட்டச்சு விடை வேண்டாம். தெரிவு செய்யும் கேள்வியாக மாற்றிவிடுங்கள்.

வினாத்தாளில் கேள்விக்குறி இடம் மாறிக் குதிக்கிறது.

அந்தப் பத்தியை மட்டும் வலமிருந்து இடமாக மாற்றுங்கள். தமிழையும் அரபியையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

காக்கா (அண்ணா), இதைப் படித்தால் குவைத்தில் பேசலாமா? (அதிராம்பட்டினம்)

அறிவிப்புப் பலகையும் செய்தியும் புரியும் தம்பி. தெருப்பேச்சு வேறு. 'எப்படி இருக்கிறாய்' என்பதற்குப் பாடத்தில் 'கைஃப ஹாலுக்க', அங்கே 'ஷ்லோனக்'. நேர்ப்பொருள் பார்த்தால் 'உன் நிறம் என்ன' என்று வரும். பயந்துவிடாதே, நலம்தான் விசாரிக்கிறார்கள்.

திரையில் விரலால் எழுதிப் பழகினால் போதாதா?

போதாது. 28 எழுத்தில் ஆறு, அடுத்த எழுத்தோடு சேராது. மற்றவை இடத்துக்கு இடம் உருவம் மாறும். அது கைக்குப் பழக வேண்டியது. நோட்டில் பென்சிலால் எழுதட்டும். மை என்றால் வலது கை எழுதியதன் மேலேயே நகர்ந்து ஈஷிவிடும். இடக்கைப் பிள்ளைகள் நிம்மதியாக எழுதுவது என் வகுப்பில் மட்டும்தான்.