ரிட்டுக்சிமாப்புக்கு முன்னாலா, பின்னாலா? பூஸ்டருக்கு நாள் குறிப்பது எப்படி

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. முடக்குவாதத்துக்காகப் பல வருடங்களாக வாராவாரம் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். அது இப்போது போதவில்லை, ரிட்டுக்சிமாப் ஊசி ஆரம்பிக்கலாம் என்கிறார் மூட்டு மருத்துவர். கோவிட் தடுப்பூசி நாலு முறை போட்டாயிற்று. கடைசி ஊசி போட்டு இரண்டு வருடம் ஆகிறது. நாலு மாதத்துக்கு முன் கோவிட் லேசாக வந்து போனது. இந்தப் பருவத்து பூஸ்டர் அவருக்குத் தேவையா? "இன்னும் எத்தனை ஊசிதான் போடுவீர்கள்?" என்று அலுத்துக்கொள்கிறார்.

பதில்: தேவை. அதுவும் ரிட்டுக்சிமாப் ஏறுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் இது ஒன்றுதான்.

அம்மாவின் அலுப்பு நியாயமானது. 'பூஸ்டர்' என்ற பெயர்தான் குழப்புகிறது. ஏதோ முடியாத தொடரின் அடுத்த பாகம் போலத் தொனிக்கிறது. ஃப்ளூ ஊசியை யாராவது "இது எனக்குப் பன்னிரண்டாவது" என்று எண்ணுகிறார்களா? இதையும் அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை போட்டோம் என்பது இனி முக்கியமில்லை. கடைசியாக எப்போது போட்டோம், உடம்பில் இப்போது என்ன மருந்து இருக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) சில மாதங்களில் குறையத் தொடங்கிவிடும். வைரஸும் சும்மா இருப்பதில்லை. 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்த பிறகு அதன் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைத் துரத்தித்தான் ஊசியையும் மாற்றுகிறார்கள்: 2023இல் எக்ஸ்பிபி.1.5 வகைக்கு, 2024இல் ஜேஎன்.1 குடும்பத்துக்கு என்று. ஆரோக்கியமான இளைஞருக்குப் பழைய பாதுகாப்பே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடும். வயதானவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அப்படியில்லை. அதனால்தான் அவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து என்பதால், அம்மா இரண்டு பட்டியலிலும் இருக்கிறார். நாலு மாதத்துக்கு முன் வந்த கோவிட் தடையில்லை. தொற்றுக்குப் பின் மூன்று மாதம் வரை பொறுப்பது வழக்கம், அது தாண்டிவிட்டது.

சரி, ரிட்டுக்சிமாப்புக்கு வருவோம். நம் உடம்பில் பி செல்கள் என்று ஒரு வகை உண்டு. புதிய கிருமியின் அடையாளத்தைப் பார்த்து அதற்கேற்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்குவது அவைதான். ரிட்டுக்சிமாப் அந்தச் செல்களையே துடைத்துவிடுகிறது; மூட்டு வலி குறைவதும் அதனால்தான். அவை திரும்பி வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் தடுப்பூசி போட்டால், வாத்தியார் வந்துவிட்டார், வகுப்பில் பிள்ளைகள் இல்லை என்ற கதைதான். டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்கள் கொஞ்சம் பாடம் படிக்கும், எதிர்ப்பொருள் சரியாக உருவாகாது. ஆனால் ஏற்கெனவே பயிற்சி முடித்து எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களை ரிட்டுக்சிமாப் தொடுவதில்லை. ஆகவே முன்கூட்டியே போட்ட ஊசியின் பலன் வீணாகாது.

முதல் ரிட்டுக்சிமாப்புக்கு நாலு வாரம் முன்பு போடுவது உத்தமம், குறைந்தது இரண்டு வாரம். மூட்டுகள் மோசமாக இருந்து மருத்துவர் காத்திருக்க முடியாது என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகு, அடுத்த சுற்று ரிட்டுக்சிமாப்புக்குச் சுமார் நாலு வாரம் இருக்கும்போது பூஸ்டரைப் போட்டுக்கொள்ளலாம். மூட்டு மருத்துவரும் ஊசி போடும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதி நீங்களே காட்டுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பூஸ்டர் போட்ட பிறகு இரண்டு வாரம் இந்த மாத்திரையை நிறுத்திவைத்தால் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இரு மடங்கு உருவாகிறது என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, அம்மா செவ்வாய்க்கிழமை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஊசிக்குப் பின் வரும் இரண்டு செவ்வாய்களை விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் மூட்டு வலி கொஞ்சம் தலைதூக்கலாம். அவருக்கு இப்போதே நோய் கட்டுக்குள் இல்லாததால், இதை மூட்டு மருத்துவர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தால் அதை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது.

ஊசி போட்ட கையில் வலி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், அசதி எல்லாம் எதிர்பார்க்க வேண்டியதே. பாராசிட்டமால் போதும். அதே பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம், தானாக வடிந்துவிடும். மார்பக ஸ்கேன் ஏதாவது குறித்திருந்தால் அங்கே ஊசி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நெறியைப் பார்த்துவிட்டு வீணாகப் பயமுறுத்துவார்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஊசிமேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு அது வேறு தொற்றாகவும் இருக்கலாம். ஃப்ளூ ஊசியையும் அன்றைக்கே இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், ரிட்டுக்சிமாப் தொடங்கிய பின் அம்மாவுக்குத் தொண்டை கரகரத்தால் "பார்க்கலாம்" என்று விடாமல் அன்றே பரிசோதியுங்கள். கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் வேறு சில மருந்துகளோடும் அது ஒத்துப்போகாது. அதனால் அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் இன்றே எழுதி, அந்தத் தேதித் தாளோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.