அரைக் காசுப் படி

அன்புள்ள அக்கா,

பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதமாக புர்சா மலேசியா பங்குச் சந்தையில் குறுகிய கால வர்த்தகம் செய்கிறேன். 10 காசு, 12 காசு விலையுள்ள கவுண்டர்கள், அதாவது பங்குகள்தான். விலை வரைபடத்தில் (சார்ட்) டபிள்யூ, கொடி, முக்கோணம் என்று எளிய வடிவங்களைப் பார்த்து வாங்குவேன், இரண்டு மூன்று நாளில் விற்றுவிடுவேன். பத்தில் ஏழு தடவை ஜெயிக்கிறேன், ஆனாலும் பணம் குறைந்துகொண்டே வருகிறது. வாங்கும்போது 8 வெள்ளி (ரிங்கிட்), விற்கும்போது 8 வெள்ளி கமிஷன். அம்மாவுக்கு 55 வயதாகிவிட்டது. அவருடைய இபிஎஃபில் (ஊழியர் சேமநிதி) சும்மா கிடந்த பணத்தில் 5,000 வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். தினசரி சார்ட் நல்லதா, 15 நிமிட சார்ட்டா? இது சூதாட்டம் என்கிறான் நண்பன். அப்படியா?

தி., பட்டர்வொர்த்

அன்புள்ள தி.,

சூதாட்டமா இல்லையா என்பதை நண்பரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஷிப்டில் நிற்கிறவருக்குத் தினசரி சார்ட்தான் சரி. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்ததற்குக் காரணம் வேறு. போன மாதம் அம்மாவின் அலமாரியைக் காலி செய்தபோது என் மாமாவின் வரைபடத் தாள்கள் கிடைத்தன. அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது.

மாமா பினாங்குத் துறைமுகத்தில் கிராணி (குமாஸ்தா). தொண்ணூறுகளில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் டவுனில் ஒரு தரகுக் கூடத்தில்தான் இருப்பார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். மீன் விற்கிறவர், டாக்சி ஓட்டுகிறவர், வாத்தியார் என்று எல்லாரும் அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது எல்லார் வாயிலும் கான்ட்ரா. கையில் பணம் இல்லாமல் வாங்கி, கட்ட வேண்டிய நாளுக்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் தீர்ப்பது. ராத்திரி வீட்டில் மாமா பேப்பரைப் பார்த்து அன்றைய விலையைப் பென்சிலால் புள்ளி வைப்பார். அவ்வளவு சுத்தமான கோடு. கோலம் போடும் அத்தைக்குக்கூட அந்தக் கை வராது.

கே.எல்.எஸ்.இ. (கோலாலம்பூர் பங்குச் சந்தை) குறியீட்டுக்கு ஒரு தாள் வைத்திருந்தார். தாளின் கீழ் எல்லைக் கோடு 600 புள்ளி. 1997 பிப்ரவரியில் குறியீடு 1,271 வரை போனது. அந்த வருடம் முடிவதற்குள் கோடு அடியைத் தாண்டிவிட்டது. மாமா கீழே இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டார். 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262. மறுநாளிலிருந்து ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கம் கட்டிவைத்தது. அதற்குள் அத்தையின் நகை போய்விட்டது. கான்ட்ரா நஷ்டத்தின் கடைசித் தவணையை அம்மா கட்டினார்.

இப்போது அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். எதை வாங்கினார், எத்தனை வாங்கினார், என்ன விலைக்கு விற்றார் என்று ஒரு எழுத்துகூட எங்கேயும் இல்லை. துறைமுகத்தில் ஒரு மூட்டை குறைந்தாலும் பிடித்துவிடுகிற மனிதர் அவர்.

நீங்களும் ஏழு தடவை ஜெயித்ததை எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு ஜெயித்தீர்கள் என்று எழுதவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கூடவே வாருங்கள்.

1 வெள்ளிக்குக் கீழே உள்ள பங்கு அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 10 காசுப் பங்கில் ஒரு படியே 5 சதவீதம். அதில் ஒரு டபிள்யூ வருகிறது என்று வையுங்கள். இரண்டு பள்ளமும் 9.5, நடு மேடு 10.5. மேட்டைத் தாண்டினால்தான் வடிவம் முடிந்ததாக அர்த்தம், ஆகவே 11-இல் வாங்குவீர்கள். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள உயரம் 1 காசு, அதை மேட்டின் மேல் வைத்தால் இலக்கு 11.5. நஷ்டத்தோடு விற்று வெளியேறும் விலை, அதாவது ஸ்டாப் லாஸ், பள்ளத்துக்குக் கீழே 9-இல். வந்தால் அரைக் காசு, போனால் 2 காசு!

9,000 பங்கு வாங்க 990 வெள்ளி. கமிஷன், முத்திரைத் தீர்வை, கிளியரிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து வாங்கி விற்க ஏறக்குறைய 19 வெள்ளி ஆகும். ஜெயித்தால் 45-இல் 19 போக 26 வெள்ளி. தோற்றால் 180-உம் 19-உம் சேர்ந்து 199. ஏழு வெற்றிக்கும் சேர்த்து 182 வெள்ளிதான். முதல் தோல்வியே அதைத் தின்றுவிட்டது தம்பி. மற்ற இரண்டு தோல்வியும் அம்மாவின் பணத்தைத் தின்றிருக்கின்றன.

வடிவம் பொய் என்று நான் சொல்லவில்லை. 5 வெள்ளிப் பங்கில் ஒரு படி 1 காசு, அதாவது 0.2 சதவீதம். அங்கே ஒரு வடிவம் உருவாக இடம் இருக்கிறது. 9.5, 10, 10.5 என்று மூன்றே படியில் ஏறி இறங்குகிற பங்கில் நீங்கள் பார்ப்பது டபிள்யூ இல்லை. நாலு பேர் வாங்கினார்கள், நாலு பேர் விற்றார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த "சும்மா கிடந்த" பணம். அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 சதவீதம். 5,000 வெள்ளிக்கு 315 வெள்ளி. எந்தச் சார்ட்டும் பார்க்காமல், இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்து, உங்கள் அம்மா வாங்கியிருக்க வேண்டிய பணம் அது. அவர் உழைத்துச் சேர்த்ததைச் சும்மா கிடந்தது என்று எப்படி எழுத மனம் வந்தது? மகன் கேட்டால் எந்தத் தாயும் கொடுத்துவிடுவாள். என் அம்மாவும் தன் தம்பிக்கு, என் மாமாவுக்கு, கொடுத்தவர்தான். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவும் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

வேலையை விடாதீர்கள். ஐந்து மாதத்தில் வாங்கி விற்ற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, விலை, எண்ணிக்கை, கட்டணம், மிச்சம். ஒன்றையும் விடக்கூடாது. எழுதியதை எனக்கு அனுப்ப வேண்டாம், அம்மாவிடம் காட்டுங்கள். மிச்சமிருக்கும் பணத்தை அவரிடமே கொடுங்கள். 75 வயதுவரை சுயமாகச் சந்தா கட்டலாம், திரும்ப இபிஎஃபில் போட்டுக்கொள்வார். குறைகிற தொகையை உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் சேர்த்துக் கட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா