ஒரு வருட ஊசியை மொத்தமாக வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 15 வருடமாக எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய். களிம்பு, மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று டூபிலுமாப் ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். ஒரு வருடத்துக்கும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும். எஃப்.டி.யை உடைக்கலாம் என்கிறேன் நான். "நீங்க பாதியில விட்டுடுவீங்க" என்கிறார் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்: எஃப்.டி. விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம். ஆனால் பாதியில் நிற்பதற்கு நீங்கள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து கேட்காமல் போகலாம். கண் சிவந்து உறுத்தலாம். இந்த ஊசிக்கு அது தெரிந்த பக்கவிளைவுதான். இவற்றை முதல் நாளே யாராலும் கணிக்க முடியாது.

முக்கிய ஆய்வுகளில் பலனை அளந்தது 16-வது வாரத்தில். அதுவரை எத்தனை ஊசி? முதல் நாள் 2, பிறகு 14-வது வாரம் வரை 7, ஆக 9. முதல் வருடம் முழுவதற்கும் 27. அதாவது, பலன் தெரியும் முன்பே மீதி 18 ஊசிக்கும் பணத்தைக் கொட்டுகிறீர்கள். மூன்றில் இரண்டு பங்கு! போதாததற்கு, அத்தனையையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துக் காக்க வேண்டும். இப்போதைக்கு 9 ஊசிக்கான பணத்தை மட்டும் எடுங்கள்.

என் கவலை மருந்து கேட்ட பிறகுதான். ஏழாம் மாதம் தோல் தெளிந்திருக்கும், ராத்திரி சொறியாமல் தூங்குவீர்கள். 'இனி எதுக்கு இந்தச் செலவு' என்று அப்போதுதான் தோன்றும். இது நோயை வேரோடு பிடுங்கும் மருந்து அல்ல; அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுத்து வைப்பது. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது. நான்கு வாரம், எட்டு வாரம் என்று தள்ளிப் போட்டுப் பார்த்த ஆய்விலும் பலன் குறைந்தது. சிக்கனம் என்று நீங்களாக இடைவெளியைக் கூட்டாதீர்கள்.

எனவே கடந்த ஆறு மாத பாஸ்புக்கை எடுங்கள். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதில் ஊசி அடங்குகிறதா? மாதம் இரண்டு என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 26. அதில் ஏதாவது இரண்டு மாதங்களில் மட்டும் மாதத்துக்கு மூன்று விழும். அடங்கவில்லை என்றால், தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வேறு வழிகளும் அவரிடம் உண்டு. ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே போடும் ஊசிக்கு உங்கள் காப்பீட்டில் பணம் வருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொல்லும் 'வரும் சார்' கணக்கில் சேராது.